மூணாவது ஒயரும் மைனஸ் ஒன்பதும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம். (வழக்கமான பல்லவிதான், கண்டுக்காதீங்க.)

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் வந்து, "டெம்பரேச்சர் கொஞ்சம் அதிகமா காட்டுச்சு சார், சாஃப்ட்வேர்ல கழிச்சுட்டேன், இப்ப கரெக்டா இருக்கு"ன்னு சந்தோஷமா சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனா அவனைத் திட்டற யோக்கியதை எனக்கு இல்லை. மூணு வருஷம் முன்னாடி இதே காரியத்தை நானே செஞ்சிருக்கேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

பி.எல்.சி.ன்னா தொழிற்சாலையில மோட்டார், வால்வு, ஹீட்டர் எல்லாத்தையும் ஆட்டி வைக்கிற கன்ட்ரோலர். அதுக்குக் கண்ணு காது எல்லாம் சென்சார்தான். வெப்பநிலைக்கு அதிகமா போடறது பி.டி. 100ங்கற பிளாட்டினம் சென்சார். சூடு ஏற ஏற பிளாட்டினத்தோட மின்தடை ஏறும். 0 டிகிரியில 100 ஓம், 100 டிகிரியில 138.5 ஓம். அதாவது ஒரு டிகிரிக்கு சுமார் 0.385 ஓம், அவ்வளவுதான். 1871ல வில்லியம் சீமன்ஸ் சொன்ன யோசனை, 1887ல காலண்டர் அதை நம்பி அளக்கற கருவியா மாத்தினார். இன்னிக்கும் அதேதான் ஓடுது.

சிக்கல் எங்கேன்னா, அந்த 0.385 ஓம்ங்கறது ரொம்பச் சின்ன அளவு. சென்சார்லேர்ந்து பேனலுக்கு வர்ற செம்புக் கம்பிக்கும் மின்தடை உண்டு இல்லையா? 0.5 ஸ்கொயர் எம்.எம். கம்பி, தூரம் 50 மீட்டர்னு வைங்க. போக 50, வர 50, மொத்தம் 100 மீட்டர். சுமார் மூணரை ஓம் வரும். பி.எல்.சி.க்கு எது பிளாட்டினம், எது செம்புன்னு தெரியாது. மூணரை ஓமையும் சூடுன்னே நினைச்சுக்கும். ஒன்பது டிகிரி எக்ஸ்ட்ரா!

இதுக்காகத்தான் பி.டி. 100ல மூணு ஒயர் வருது. ரெண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. சிவப்பு ரெண்டும் சென்சாரோட ஒரே முனையில சேர்ந்திருக்கும். அந்த ரெண்டு சிவப்பு வழியா ஒயரோட மின்தடையை மட்டும் தனியா அளந்து, மொத்தத்துலேர்ந்து கழிச்சுடும் பி.எல்.சி.யோட கார்டு. மூணு ஒயரும் ஒரே நீளம், ஒரே தடிமனா இருந்தாப் போதும். பிளஸ் டூல வீட்ஸ்டன் பிரிட்ஜை மார்க்குக்காக உருப்போட்டோமே, ஆரம்பத்துல அதை வச்சுத்தான் இந்தக் கழித்தலைச் செஞ்சாங்க. பரீட்சைக்கு வெளியில அதுக்கு ஒரு உபயோகம் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதே வேலைக்கு வந்தப்புறம்தான் :-)

இப்ப கதை. கொங்கு பக்கம் ஒரு பால் பிளாண்ட். பாலை 72 டிகிரியில 15 செகண்ட் வச்சு பாஸ்ச்சுரைஸ் பண்ற லைன். 72க்குக் கீழே போனா ஒரு வால்வு திரும்பி, பாலை மறுபடி ஆரம்பத்துக்கே அனுப்பிடும். நான் போனப்ப கேபிள் எல்லாம் இழுத்து முடிச்சிருந்தாங்க. ஸ்டோர்ல ரெண்டு கோர் கேபிள்தான் இருந்ததாம், அதையே இழுத்துட்டாங்க. மூணாவது டெர்மினல் காலியா இருந்தா கார்டு எர்ரர் காட்டும். அதனால பேனல் பக்கத்துலயே சின்னதா ஒரு ஜம்பர் போட்டு வாயை அடைச்சிருந்தாங்க. கார்டு அந்த ஜம்பரை அளந்து பார்த்துட்டு, "ஒயருக்கு மின்தடையே இல்லை"ன்னு நம்பிடுச்சு. ஸ்கிரீன்ல ஒன்பது டிகிரி அதிகம்.

ராத்திரி பதினோரு மணி. மறுநாள் காலையில ட்ரையல். புது கேபிள் இழுக்கணும்னா அரை நாள் ஆகும். "தம்பி, சாஃப்ட்வேர்ல பாத்துக்கலாமா?"ன்னு கேட்டாங்க. பாத்துக்கலாம்னுட்டேன். ஒரே ஒரு வரி. மைனஸ் ஒன்பது. கமென்ட் கூட எழுதலை. ட்ரையல் அருமையா முடிஞ்சு, எல்லாரும் கை குலுக்கினாங்க.

எட்டு மாசம் கழிச்சு ஒரு ஐப்பசி மழையில இடி விழுந்து பி.எல்.சி. போயிடுச்சு. புதுசு மாட்டி, நான் கொடுத்துட்டு வந்த பேக்கப்பை ஏத்தினாங்க. அந்த பேக்கப் மைனஸ் ஒன்பது போடறதுக்கு முந்தின நாள் எடுத்தது.

விடிகாலை நாலு மணிக்கு போன். அங்க இன்ஸ்ட்ருமென்ட் பார்க்கற அண்ணன். "தம்பி, ஸ்கிரீன்ல எழுவத்தி ரெண்டு காட்டுதுங்க. பைப்ல இருக்கற டயல்ல அறுவத்தி மூணுதான் நிக்குது. எதுங்க நெசம்?"

டயல்தான் நெசம். நல்லவேளை, ஓடினது தண்ணி. பால் விடறதுக்கு முன்னாடி தண்ணி ஓட்டிப் பார்க்கறது வழக்கம். அவர் மட்டும் டார்ச் அடிச்சு டயலைப் பார்க்கலைன்னா, 63 டிகிரி பால் 72ன்னு பேர் வாங்கிட்டு பாக்கெட்டுக்குள்ள போயிருக்கும். அந்த சூட்டுல 15 செகண்ட் போதாது. அதைக் குடிக்கப் போறவங்கள்ல கைக்குழந்தைகளும் உண்டுன்னு அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை.

"தப்பு பேக்கப்போடது, மைனஸ் ஒன்பதோடது இல்லை"ன்னு சிலர் வாதம் பண்ணுவீங்க. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். ஆனா பேக்கப் சரியா இருந்திருந்தாலும் அந்த ஒன்பது நிக்காது. செம்போட மின்தடை டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் மாறும். நான் அளந்தது மாசி ராத்திரி. சித்திரை மத்தியானம் தகரக் கூரைக்கு அடியில கேபிள் இருபது டிகிரி கூட சூடானா, மூணரை ஓம் கால் ஓமுக்கு மேல ஏறும். ஸ்கிரீன்ல இன்னொரு 0.7 டிகிரி பொய். வெயில் ஏற ஏற பால் சத்தமில்லாம குளிர்ந்துக்கிட்டே போகும். ஒரு டெர்மினல் ஸ்க்ரூ லூசானா அது தனிக் கதை.

"கார்டும் கழிக்குது, நீயும் கழிச்சே, என்ன வித்தியாசம்?"னு கேட்டான் அந்தப் புதுப் பையன். நியாயமான கேள்வி. கார்டு ஒவ்வொரு தடவையும் ஒயரை அளந்துட்டுக் கழிக்குது. நான் ஒரு நாள் ராத்திரி தூக்கக் கலக்கத்துல அளந்ததை எட்டு மாசம் கழிச்சேன். அதுவும் அந்த அண்ணனுக்குத் தெரியாம. அவர் பேனலைத் திறந்தா ஜம்பர் தெரியும், ப்ரோக்ராமுக்குள்ள ஒளிஞ்சிருக்கற ஒன்பது எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டா, பி.எல்.சி.க்கு கோடு எழுதறவன் எவனா இருந்தாலும் முதல் நாள் ஒரு ஸ்க்ரூ டிரைவரோட சென்சார் மண்டை வரைக்கும் நடக்கணும். சென்சாரைக் கழட்டிட்டு, அங்க துல்லியமான 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை மூணு ஒயரோடயும் மாட்டணும். ஸ்கிரீன்ல 0 வரணும். ஒன்பது வந்தா லேப்டாப்பை மூடிட்டு கேபிளைப் பாருங்க. அப்புறம் ஒரு ஒயரைப் பிடுங்கிப் பாருங்க. அறுந்த ஒயரை "பயங்கர சூடு"ன்னு எடுத்துக்கிட்டு உங்க ப்ரோக்ராம் பாலை முன்னாடி அனுப்பினா, அங்க நிச்சயமா சாஃப்ட்வேர்ல வேலை இருக்கு.

அன்னிக்கு மத்தியானமே பஸ் பிடிச்சுப் போனேன். மூணு கோர் கேபிள், ஷீல்டு போட்டது. இழுக்க அரை நாள்கூட ஆகலை, மூணு மணி நேரம்தான். ஜம்பரைக் கழட்டி அந்த அண்ணன் கையிலேயே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இத்தனூண்டு கம்பிங்களா?"ன்னார்.

டிஸ்கி: புதுப் பையனோட ப்ரோக்ராம்ல இருந்தது மைனஸ் நாலு. நாளைக்கு ரெண்டு பேரும் சைட்டுக்குப் போறோம். உங்க கோடுல இந்த மாதிரி மைனஸ் எதுவும் ஒளிஞ்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, அனானியா வந்தாலும் பரவாயில்லை :-)