சோக் போட்டால் ஓடுகிறது... எடுத்தால் நின்றுவிடுகிறது!

கேள்வி: ''எங்களிடம் 2006-ம் வருட ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு, கார்த்திகை மாதத்திலிருந்து மாட்டுக்கொட்டகை ஓரமாகவே நின்றது. காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக நானே ஓட்டலாம் என்று எடுத்தால், சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. மெக்கானிக், 'கார்புரேட்டர் போச்சு, புதுசு மாற்ற 2,500 ரூபாய் ஆகும்' என்கிறார். பழைய இரும்பு எடுப்பவர், மொத்த வண்டியையும் 6,000 ரூபாய்க்குக் கேட்கிறார். என்ன செய்யலாம்?''

- ஒரு வாசகி, மணப்பாறை வட்டம்.

பதில்: வண்டியை விற்க வேண்டாம் சகோதரி. புது கார்புரேட்டரும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், கெட்டது கார்புரேட்டர் இல்லை. அதற்குள் மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல்தான்.

பெட்ரோல் நாள்பட நின்றால் லேசான பாகம் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கிறது. நம் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வருவதுதான். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்க கொட்டகையில் நின்ற வண்டிக்குள் தண்ணீர் சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

கார்புரேட்டருக்குள் பித்தளையில் இரண்டு ஜெட் இருக்கும். பெரியது மெயின் ஜெட், வண்டி வேகமெடுக்க. சின்னது ஸ்லோ ஜெட், வண்டி நின்றபடி ஓட. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். சோக் போடும்போது காற்று குறைந்து உறிஞ்சல் கூடுவதால், மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வந்து வண்டி ஓடுகிறது. அதற்காகச் சோக்கிலேயே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பெட்ரோல் வீணாகும், பிளக் கரி பிடிக்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலையும் பெட்ரோல் கழுவிவிடும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். கீழே ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அதைத் திருகுங்கள். வருவது வார்னிஷ் மாதிரி நாறினால் பழைய பெட்ரோல். பாட்டிலின் அடியில் தனியாகப் படிந்தால் தண்ணீர். செம்மண் மாதிரித் தூள் வந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. டேங்கைக் கழுவாமல் கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் ஒரு வாரத்தில் திரும்ப அடைக்கும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலையும் இறக்கிவிடுங்கள். டியூபை வாயால் உறிஞ்சக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இறக்கிய பெட்ரோலை வாய்க்காலில் ஊற்றாமல், மூடி போட்டு வைத்தால் துருப்பிடித்த போல்ட் கழுவ உதவும்.

வேலையைத் திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். 10-ம் நம்பர் ஸ்பேனர், அளவு சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு தட்டு போதும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் சின்னதாக இருந்தால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிடும். செலவு அங்கேதான் ஆரம்பிக்கும். மேல்மூடியைத் திருகினால் ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஸ்லைடும் ஊசியும் வெளியே வரும். அதை மண் படாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டித் தொங்கவிடுங்கள். பக்கவாட்டில் உள்ள ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், உள்ளே மெதுவாக முட்டும் வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதே கணக்கு வேண்டும்.

கிண்ணத்தைத் திறந்து மிதவை, மிதவை ஊசி, ஜெட்கள் எல்லாவற்றையும் எடுத்து, ரப்பர் வாஷர்களைத் தனியே வையுங்கள். சில மாடல்களில் ஸ்லோ ஜெட் கழறாது. வம்புக்கு இழுக்காமல் அப்படியே விடுங்கள். பித்தளைச் சாமான்களைக் கால் லிட்டர் புதுப் பெட்ரோலில் இரவு முழுக்க மூடி ஊறப் போடுங்கள். கையில் காசு இருந்தால் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று வாங்கலாம், வேலை சீக்கிரம் முடியும். ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளை வழியாகப் பீய்ச்சும், கண் பத்திரம்.

ஜெட்டில் குண்டூசி, ஊக்கு விடவே கூடாது. நானே ஆரம்பத்தில் ஊக்கை விட்டுத் துளையைப் பெரிதாக்கி, புது ஜெட் வாங்கும் வரை மைலேஜ் இல்லாமல் அலைந்திருக்கிறேன். பழைய கரன்ட் வயரை உரித்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் ஒரே ஒரு இழையை எடுத்து நுழையுங்கள். பிறகு சைக்கிள் பம்பால் காற்று அடியுங்கள். ஜெட்டைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் துளை வட்டமாக, வெளிச்சப் புள்ளியாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டரின் உடம்பில் இருக்கும் சின்னச் சின்ன வழிகளுக்கும் காற்று அடியுங்கள்; பலர் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். பித்தளைக் குடம் பளபளக்கிறதே என்று புளி, எலுமிச்சையில் ஊறவைக்க வேண்டாம். கார்புரேட்டரின் உடம்பு பித்தளை இல்லை, புளிப்பு அதை அரித்துவிடும்.

மாட்டிய பிறகு டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பொறுங்கள். ஓவர்ஃப்ளோ டியூபில் பெட்ரோல் சொட்டினால், மிதவை ஊசியில் அழுக்கு அல்லது தேய்மானம். ஊசியும் வாஷரும் சேர்ந்த ரிப்பேர் கிட் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். டேங்கிலிருந்து வரும் டியூப் வெடித்திருந்தால் அதையும் மாற்றி, நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள். பிளக்கின் கரியையும் துடைத்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் சரியாகாமல், ஸ்லைடு கீறல் விழுந்து தளதளவென்று ஆடினால், அப்போது புது கார்புரேட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

இனி பத்து, பதினைந்து நாள் வண்டியை எடுக்க மாட்டோம் என்றால், டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: ''போன போகத்தில் மருந்து அடித்து வைத்த பவர் ஸ்பிரேயர், கயிறை எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. இதற்கும் இதே வைத்தியம்தானா?''

- ஒரு வாசகர், தேனி மாவட்டம்.

பதில்: பாதி இதே வைத்தியம். உங்களுடையது ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால், பெட்ரோல் ஆவியாகி ஆயில் மட்டும் கெட்டியாக நின்றிருக்கும். பழைய கலவையை இறக்கிவிட்டு, புதிதாகக் கலந்து ஊற்றி, பிளக்கைத் துடைத்து முதலில் முயன்று பாருங்கள். பல கருவிகளில் மிதவைக்குப் பதில் மெல்லிய ரப்பர் ஏடுதான் இருக்கும். அதைத் தின்னரில் ஊறவைத்தாலோ பலமாகக் காற்று அடித்தாலோ கிழிந்துபோகும். ஏடு விறைத்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.