கைரேகை போதாது, கருத்தும் வேண்டும்

மருத்துவ ஆய்வு என்றால் காலனிக்கும் மலைக்கிராமத்துக்கும் அரசு விடுதிக்கும் ஆட்கள் வருகிறார்கள். ரத்தம் எடுக்கிறார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆய்வின் முடிவு என்ன என்று ஊருக்குத் திரும்பி வந்து சொல்பவர்கள் மிகக் குறைவு.

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. ஊசி போடப்பட்ட சிறுமிகளில் பலர் பழங்குடி, தலித் குடும்பங்களைச் சேர்ந்த விடுதி மாணவிகள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கை, ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததையும், 1,948இல் கைரேகை மட்டுமே இருந்ததையும் வெளிப்படுத்தியது. தடுப்பூசி பயனுள்ளதா என்பதல்ல இங்கு கேள்வி. பெற்றோரிடம் கேட்காமலே பிள்ளைகளை ஆய்வுக்கு உட்படுத்த யார் உரிமை கொடுத்தது என்பதுதான்.

வேறு வழியும் உண்டு என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி சாட்சி. மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் அங்கே முதலில் அரிவாள் செல் சோகையை ஆராய்ந்தார்கள். ஆனால் அதை மக்கள் தங்கள் தேவையாகக் கருதவில்லை. அதன்பின் மக்களைக் கேட்டே ஆய்வுப் பொருளை முடிவு செய்தார்கள். 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே பராமரிக்க வைத்தார்கள். பச்சிளங்குழந்தைகளின் மரணம் பாதிக்கு மேல் குறைந்தது. 1999இல் 'லான்செட்' இதழில் வெளியான அந்த முறை, பின்னர் ஆஷா பணியாளர்கள் வழியாக நாட்டின் பல பகுதிகளுக்குச் சென்றது. ஆய்வில் ஊர்க்காரர்களும் பங்கேற்றதன் பலன் இது.

புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019இன்படி, நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாமானியர் ஒருவராவது இருக்க வேண்டும். அந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள், அதிலும் பெண்கள், உட்கார வேண்டும் என்று கேட்போம்.

மாணவர்களே, உங்கள் ஊருக்கு ஆய்வுக் குழு வந்தால் பெரியவர்களுக்குப் படிவத்தைப் படித்துக் காட்டுங்கள். மறுக்கலாம், பாதியில் விலகலாம், அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்லுங்கள். படிவத்தின் நகலையும், முடிவு எப்போது ஊருக்குச் சொல்லப்படும் என்ற பதிலையும் கேட்டு வாங்குங்கள். உடல் நம்முடையது, அதைப் பற்றிய அறிவிலும் நமக்குப் பங்கு உண்டு.