பலாமரத்தை விற்க வேண்டாம்

நம் பள்ளிக் கிணற்றடிப் பலாமரம் சென்ற ஐப்பசிக் காற்றில் சாய்ந்ததை யாவரும் அறிவோம். கிளைகள் விறகுக் கடைக்குப் போய்விட்டன. அடிமரம் மட்டும் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது. அதையும் விற்றுவிடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வேண்டாம் என்பதே பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் பணிவான விண்ணப்பம். அதில் உக்குலேலே செய்யலாம்.

சிரிக்காதீர்கள். இசை வகுப்பில் நாம் முறைவைத்து மீட்டும் அந்த நான்கு தந்தி வாத்தியம் ஹவாய்த் தீவுகளில் உருவானது. 1879-இல் மதீராத் தீவிலிருந்து அங்கே கப்பலில் வந்திறங்கிய போர்த்துக்கீசியருள் சில தச்சர்களும் இருந்தனர். தம் ஊர்ச் சிறு கிதாரைப் பின்பற்றி, அங்கே வளர்ந்த 'கோஆ' மரத்தில் அவர்கள் செய்ததே உக்குலேலே. மரத்துக்காக அவர்கள் மதீராவுக்குத் திரும்பிப் போகவில்லை. நமக்கு மட்டும் ஏன் கடையில் வாங்கிய ஒட்டுப்பலகை வாத்தியம்? சென்ற மழைக்காலத்தில் அவற்றுள் இரண்டு ஒட்டு விட்டுப் போயின!

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்வதுதான். மிருதங்கக் கட்டையும் பலாவே. ஏகாண்ட வீணையை முழுவதும் ஒரே மரத்தில் குடைந்தெடுக்கிறார்கள். பலகையைச் சூடுகாட்டி வளைக்கும் வித்தை நமக்கு வராது. ஆனால் வீணைக்குடம்போலக் குடையலாம். மேற்பலகையை மட்டும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு இழைக்க வேண்டும். தடித்தால் நாதம் எழும்பாது. கழுத்துக்குப் பூவரசு போதும். மாமல்லபுரம் பக்கமிருந்து வரும் தோழியருள் பூவரசிலைப் பீப்பி ஊதாதவர் உண்டோ? அதே மரம் ஹவாய்க் கரையிலும் வளர்கிறது. அங்கே அதன் பெயர் மிலோ.

உளி பிடித்தால் கை போய்விடும் என்று தாய்மார் அஞ்சலாம். அரிவாள்மணையில் அன்றாடம் காய் நறுக்கும் கைகள்தாமே! யோசனை கேட்கவும் தொலைவு போக வேண்டாம். கல்லைக் குடைந்தே பெயர் பெற்ற மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது.

ஒரு சங்கடம் உண்டு. பச்சை மரம் உதவாது. ஓர் அங்குலக் கனப் பலகை நிழலில் காயவே சுமார் ஓராண்டு ஆகும்; குடைவதற்கான கட்டைக்கு இன்னும் கூடுதல். அதற்குள் நாங்கள் பள்ளியை விட்டுப் போயிருப்போம். இப்போது வேண்டியவை, செங்கல்பட்டு மர அறுவை மில்லுக்குக் கொண்டுபோக ஒரு வண்டியும், வெட்டுமுனைகளில் மெழுகு பூசி அடுக்கிவைக்க நிழலான ஓர் இடமுமே. ஆறாம் வகுப்புத் தங்கையரே, மழைச் சாரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.