தோண்டாதே தம்பி!

திமிரியில் பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தேன். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகும் வாலிபர் ஒருவர் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒரே கவலை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். கேட்டால், கவலை சிலந்தியைப் பற்றி!

"மூணு வாரமா வெளியே வர்லண்ணா. வளை வாயை மண்ணு போட்டு மூடிக்கிச்சு. செத்துப்போச்சா இன்னான்னு தெரியல. சாயங்காலம் தோண்டிப் பார்த்துடப் போறேன்" என்றார்.

நண்பர் ஒருவர் கொடுத்ததாம். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். டரான்டுலா என்று பெயர். அதிலும் இது வளை தோண்டி வாழும் சாதி.

"தோண்டாதே தம்பி" என்றேன். அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

சட்டை உரிக்கும் நேரம்

பாம்பு போல இதுவும் சட்டை உரிக்கும். அதற்கு முன் இரை எடுக்காது. வளையை அடைத்துக்கொண்டு உள்ளே மல்லாந்து கிடக்கும். பார்த்தால் பிணம் போலத் தெரியும். அப்போது கிளறினால்தான் உண்மையிலேயே சாகும்! உரித்த பிறகு உடம்பும் பல்லும் மெத்தென்று இருக்கும். அவை கெட்டிப்படும் வரை இரை போடக்கூடாது. தின்னாத வெட்டுக்கிளியை, கரப்பானை உள்ளேயே விட்டுவைத்தால், அது சிலந்தியையே கடித்துவிடும்.

பெட்டியில் மண் ஆழமாக இருக்க வேண்டும். மண்ணுக்கும் மூடிக்கும் இடைவெளி கொஞ்சம்தான் இருக்க வேண்டும். ஏறி விழுந்தால் வயிறு வெடித்துவிடும். ஒரு சிறு தட்டில் தண்ணீர், இறுக்கமான மூடி, காற்றுக்கு ஓட்டை. அவ்வளவுதான்.

கையில் எடுத்துக் கொஞ்சக்கூடாது. அமெரிக்கக் கண்டத்துச் சாதிகள் பல, வயிற்று ரோமத்தைக் காலால் உதறிவிடும். கண்ணில் பட்டால் அவதிதான். ஆக, வளர்ப்பவர் பார்க்கப் போவது பெரும்பாலும் மண்ணைத்தான்! பெண்ணாக இருந்தால் 20 வருஷம்கூட இருக்கும். கல்யாணமாகி, பிள்ளை பத்தாவது முடிக்கும் வரை பொறுப்பு உண்டு. இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

பார்சலில் 107 சிலந்திகள்

எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். 2021 ஜூலையில் சென்னையில் சுங்க அதிகாரிகள் ஒரு தபால் பார்சலைப் பிரித்தார்கள். போலந்து நாட்டிலிருந்து அருப்புக்கோட்டை விலாசத்துக்கு வந்தது. உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிக்கு ஒன்றாக 107 சிலந்திகள், அத்தனையும் உயிரோடு! மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் சாதிகள். இறக்குமதி லைசென்ஸ் இல்லை, சுகாதாரச் சான்று இல்லை. போலந்துக்கே திருப்பி அனுப்ப உத்தரவாயிற்று.

அது சரியான முடிவு என்பேன். குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்ப, உயிர் என்ன ஊறுகாயா?

நம் நாட்டுச் சிலந்திக்கும் இதே கதிதான். ஆந்திராவில் கூத்தி என்ற ஊரில், ரயில்வே மரக்கிடங்கில் 1899-ல் கிடைத்த நீலச்சிலந்தி, மரப்பொந்தில் வாழும் சாதி. வெளிநாட்டு ஆசாமிகள் அதைக் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். நம் காட்டிலோ அது அழியும் நிலையில் நிற்கிறது!

பதிவு செய்ய வேண்டும்

சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரை வீட்டில் வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்துவிட்டது. மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதியலாம். என்ன சாதி என்றே தெரியாவிட்டால் வனத்துறையிடம் போய்க் கேட்பதில் வெட்கம் இல்லை. பயந்துபோய் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவதுதான் பெரிய தப்பு. அந்நியச் சிலந்திக்கு அது ஊர் அல்ல. நம் ஏரிக்கும் அது உறவு அல்ல.

என் கருத்து இதுதான். புதிதாக ஆசைப்படுகிறவர்கள் வாங்க வேண்டாம். வயல் வரப்பில் வளை கண்டால் குச்சி விட்டு நோண்டவும் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், முறையாகப் பதிந்து, ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் வந்தது. "சரிண்ணா, தோண்டல" என்று சொல்லி ஏறினார் அந்த வாலிபர். நல்லது. அப்படியே பதிவு வேலையையும் பார்த்துவிடட்டும்!