கம்மி பட்ஜெட்டில் நல்ல எலெக்ட்ரிக் கிட்டார்: காசை எதில் போடுவது, எதில் போடக் கூடாது?

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆனதும் பலரின் ஆன்லைன் விஷ் லிஸ்டில் வந்து உட்காரும் பொருள்களில் ஒன்று எலெக்ட்ரிக் கிட்டார். கல்லூரிக் காலத்து ஆசை. அப்போது கையில் காசு இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. ஆஃபர் வந்ததும் ஆர்டர் போட்டாச்சு. ஆனால், வாங்கிய கிட்டார்களில் எத்தனை இன்னும் வாசிக்கப்படுகின்றன என்று நண்பர்கள் வட்டத்தில் கேட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும்.

காரணம் கேட்டால், “நமக்கு மியூசிக் வராதுங்க” என்பார்கள். பல நேரம் உண்மை அது இல்லை. கம்பிகள் விரலை அறுக்கும் உயரத்தில் இருந்திருக்கும். பத்து நிமிடத்தில் சுருதி விலகியிருக்கும். சரியான இடத்தில் அழுத்தினாலும் தப்பான ஸ்வரம் கேட்டிருக்கும். புதிதாகக் கற்பவருக்குத் தப்பு கருவியிலா, தன்னிடமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு விலகிவிடுவார். மோசமான கிட்டாரால் வரும் உண்மையான நஷ்டம் இதுதான்; போன பணம் இரண்டாவதுதான்.

எனவே, ‘குறைந்த விலையில் எது பெஸ்ட்?’ என்பதை விட, ‘குறைந்த பணத்தை எந்த இடத்தில் போட்டால் கிட்டார் ஒழுங்காக ஒத்துழைக்கும்?’ என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

அகவுஸ்டிக் கிட்டாரில் வயிறு போன்ற மரப்பெட்டிதான் ஒலியைப் பெருக்குகிறது. அதனால் அங்கே மரத்தின் தரம் ரொம்ப முக்கியம். எலெக்ட்ரிக் கிட்டார் கதை வேறு. கம்பிக்குக் கீழே ‘பிக்கப்’ என்ற பகுதி இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, செம்புச் சுருளில் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. பள்ளியில் படித்த ஃபாரடே விதியேதான். அந்த மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

1931-ல் ஜார்ஜ் பீச்சம்ப் உருவாக்கிய ஆரம்பகால எலெக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. அதன் பட்டப்பெயரே ‘ஃப்ரையிங் பேன்’, அதாவது வாணலி. மரமே இல்லாமல் எலெக்ட்ரிக் கிட்டார் ஒலிக்கும் என்பதற்கு அப்போதே கிடைத்த சாட்சி இது.

ஆகவே, “இது ஸ்பெஷல் மரம் சார்” என்று சொல்லி ஐந்தாயிரம் கூடக் கேட்டால் அவசரப்பட வேண்டாம். இந்த விலைப் பிரிவில் மரத்தின் பெயரை விட பிக்கப், நெக், ட்யூனிங் கீ, கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ் ஆகியவைதான் வித்தியாசத்தை உண்டாக்கும். விரல் வைக்கும் பலகையில் ரோஸ்வுட்டுக்குப் பதில் ‘லாரல்’ என்று போட்டிருந்தாலும் பயப்படத் தேவையில்லை. 2017-ல் ரோஸ்வுட் மரங்களின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பல நிறுவனங்கள் மாற்று மரங்களுக்குப் போயின. அவற்றில் ஒன்றான ‘இந்தியன் லாரல்’ வேறெதுவும் இல்லை, நம்மூர் கருமருதுதான்.

மொத்தப் பணத்தையும் கிட்டாரில் கொட்டக் கூடாது

புதிதாக வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, கையில் இருக்கும் முழுத் தொகைக்கும் கிட்டார் வாங்குவது. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆம்ப் இல்லாமல் அது முணுமுணுக்க மட்டுமே செய்யும் என்று உறைக்கும். மிச்சம் இருக்கும் சில்லறையில் ஏதோ ஓர் ஆம்ப் வாங்குவார்கள். நல்ல கிட்டாரும் மோசமான ஆம்ப்பும் சேர்ந்தால் கேட்கப்போவது மோசமான சத்தம்தான்.

உதாரணத்துக்கு, மொத்தம் ரூ.30,000 என்று வைத்துக்கொள்வோம். கிட்டாருக்கு 18,000 முதல் 20,000. ஆம்ப்புக்கு 6,000 முதல் 7,000. கேபிள், ஸ்ட்ராப், பை, ஒரு செட் உபரிக் கம்பி, ‘செட்டப்’ கூலி எல்லாவற்றுக்கும் மிச்சம். தொகை கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய இதே விகிதத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

அபார்ட்மென்ட்டிலோ பிஜி-யிலோ இருப்பவர்களுக்குப் பெரிய ஆம்ப் வீண். இரவு 10 மணிக்கு மேல்தான் வாசிக்க நேரம் கிடைக்கும் என்றால், கிட்டாரிலேயே செருகிக்கொள்ளும் ஹெட்போன் ஆம்ப் போதும். ஏற்கெனவே லேப்டாப் இருந்தால் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கி, ஆம்ப் ஒலியைத் தரும் மென்பொருள்களைப் பயன்படுத்தலாம். அவற்றில் இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு.

கிட்டார், ஆம்ப், கேபிள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ‘ஸ்டார்ட்டர் பேக்’ எப்படி? அதில் உள்ள கிட்டாரைத் தனியாக வாங்கினால் என்ன விலை என்று முதலில் பார்க்க வேண்டும். மாடல் பெயரே இல்லாத கிட்டார் என்றால் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடலாம்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றாலும் ஒரு முறை கணக்குப் போட வேண்டும். பிராசஸிங் கட்டணம், வட்டி மீதான ஜிஎஸ்டி, ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி ஆகியவற்றைச் சேர்த்தால் அந்த ‘நோ காஸ்ட்’டின் காஸ்ட் தெரியும்.

விலை குறைந்த கிட்டார் எப்படி நல்லதானது?

‘சீப் கிட்டார்னாலே குப்பை’ என்ற பேச்சு முந்தைய தலைமுறையின் அனுபவம். இன்று கணினி கட்டுப்படுத்தும் இயந்திரங்கள் மரத்தை மில்லிமீட்டரின் சிறு பின்னம் வரை துல்லியமாக வெட்டுகின்றன. கையால் செய்யும்போது வந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. தென் கொரியாவின் கார்ட் நிறுவனம் இந்தோனேசியாவில் உள்ள தன் ஆலையில் வேறு பிராண்டுகளுக்கும் கிட்டார் செய்து கொடுக்கிறது. அதாவது, பெயர்ப் பலகை வேறாக இருந்தாலும் செய்த கை ஒன்றாக இருக்கலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு விலை குறைந்த தம்பி பிராண்டுகள் உண்டு. ஃபெண்டருக்கு ஸ்குவையர், கிப்ஸனுக்கு எபிஃபோன். ஸ்குவையரில் சோனிக், அஃபினிட்டி, கிளாசிக் வைப் என்று படிப்படியாக விலை ஏறும். ஐபனெஸ் நிறுவனத்தின் ஜியோ வரிசை, கார்ட்டின் தொடக்கநிலை மாடல்கள், யமஹா பசிஃபிகா ஆகியவையும் இந்தப் பட்டியலில் தைரியமாகச் சேர்க்கக்கூடியவை. பசிஃபிகா 112வி மாடலில் ஆல்டர் மர உடம்பு, ஆல்னிகோ காந்தம் கொண்ட பிக்கப் என்று விலைக்கு மீறிய சமாச்சாரங்கள் இருப்பதால்தான் ஆசிரியர்கள் அதை அடிக்கடி சிபாரிசு செய்கிறார்கள்.

பெயர் தெரிந்த பிராண்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: நாளைக்கு விற்க வேண்டி வந்தால் வாங்க ஆள் இருக்கும்.

எந்த வகை? தலைசுற்ற வேண்டாம்

பிக்கப்பில் முக்கியமாக இரண்டு வகை. சிங்கிள் காயில் தெளிவான, கணீரென்ற ஒலி தரும். ஆனால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்து இழுத்து ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்கும். ட்யூப்லைட், ரெகுலேட்டர் பக்கத்தில் இன்னும் அதிகம். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இந்த இரைச்சலைச் சாகடிப்பது ஹம்பக்கர். ஒலி கனமாக இருக்கும். ராக், மெட்டல் ஆட்களுக்குப் பிடிக்கும். 1955-ல் கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கரின் வழியில்தான் இன்றைய பெரும்பாலான ஹம்பக்கர்கள் வருகின்றன.

என்ன வாசிக்கப்போகிறோம் என்று இன்னும் முடிவாகாதவர்களுக்கு ஹெச்எஸ்எஸ் அமைப்பு நல்லது. பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். சினிமா மெலடியும் வாசிக்கலாம். டிஸ்டார்ஷன் போட்டுக் கத்தவும் விடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பது நல்லது. கம்பிகளைப் பூட்டி வைக்கும் ‘ஃப்ளாய்ட் ரோஸ்’ வகை ட்ரெமலோ இருக்கும் விலை குறைந்த கிட்டாரைத் தொடக்கநிலையில் தவிர்த்துவிடலாம். பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால், மலிவான உலோகம் சீக்கிரம் தேயும், சுருதி நிற்காது, ஒரு கம்பி மாற்றவே அரை நாள் போகும். அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டார் முதல் கருவிக்குப் பாந்தம்.

கடையில் பத்து நிமிடம்: என்ன பார்ப்பது?

“சார், பிகினருக்கு இது போதும் சார்” என்பது எல்லாக் கடையிலும் கேட்கும் வசனம். அதைக் கேட்டு பில் போடுவதற்கு முன், வாசிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனைகள் இவை:

1. நெக்கின் ஓரத்தில் விரலை மேலிருந்து கீழ் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃப்ரெட்டின் முனைகள் கையைக் கீறினால் வேறு பீஸ் கேட்கலாம்.

2. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தித் தட்ட வேண்டும். எங்காவது ‘ஸ்ர்ர்’ என்று இரைந்தாலோ, ஒலி செத்துப்போனாலோ காரணம் கேட்க வேண்டும். செட்டப்பில் சரியாகக்கூடிய கோளாறா, ஃப்ரெட்டே சமமில்லையா என்பது முக்கியம்.

3. 12-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 1.5 முதல் 2 மி.மீ. இருந்தால் வாசிக்கச் சுகம். மிக உயரமாக இருந்தால் இறக்கித் தரச் சொல்லலாம்.

4. போனில் இலவச ட்யூனர் ஆப் போட்டு, கம்பியைத் திறந்தபடி சுருதி சேர்த்துவிட்டு, அதே கம்பியை 12-வது ஃப்ரெட்டில் அழுத்தித் தட்ட வேண்டும். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே காட்ட வேண்டும். விலகல் இருந்தால் பிரிட்ஜில் சரிசெய்து காட்டச் சொல்லலாம். சரியாகாவிட்டால் வேண்டாம்.

5. கம்பிகளை நன்றாக இழுத்து வளைத்து வாசித்த பிறகு மறுபடி சுருதி பார்க்க வேண்டும். புதுக் கம்பி கொஞ்சம் இறங்குவது சகஜம். மூன்று முறை சேர்த்தும் நிற்காவிட்டால் ட்யூனிங் கீயிலோ நட்டிலோ பிரச்சினை.

6. ஆம்ப்பில் செருகி எல்லாக் குமிழ்களையும் திருக வேண்டும். பிக்கப் சுவிட்சை எல்லா நிலைகளுக்கும் தள்ள வேண்டும். கேபிள் முனையை லேசாக அசைக்க வேண்டும். கரகரப்பு வரக் கூடாது.

வாசிக்கத் தெரிந்த நண்பரைக் கூட்டிப்போனால் இதெல்லாம் இன்னும் சுலபம். ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் வரமாட்டாரா என்ன!

ஆன்லைனில் வாங்குபவர்கள் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதே சோதனைகளைச் செய்துவிட வேண்டும்.

செட்டப் செலவு, சேமிப்பு

ஆலையிலிருந்து கப்பல் ஏறி, வேறு தட்பவெப்பத்துக்கு வந்து சேரும் கிட்டாரின் நெக் சற்று வளைந்திருக்கும். நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகி, கம்பி உயரம், சுருதித் துல்லியம் ஆகியவற்றைச் சரிசெய்து கொடுப்பதுதான் ‘செட்டப்’. கிட்டாரின் விலையில் சிறு பங்குதான் ஆகும். ஆனால், சரியாகச் செட்டப் செய்த விலை குறைந்த கிட்டார், செட்டப் செய்யாத விலை உயர்ந்த கிட்டாரை விட வாசிக்க எளிதாக இருக்கும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைப்பது காசில்லாத வைத்தியம். விரல் வலி அதிகம் இருந்தால், 10-க்குப் பதில் 9 அளவுக் கம்பி போடலாம். கமகம் வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் மெல்லிய கம்பி வளைந்து கொடுக்கும்.

பாதுகாப்பு விஷயம் ஒன்றும் உண்டு. கிட்டார் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்துடன் இணைக்கப்பட்டவை. கம்பியைத் தொட்டால் ‘சுர்’ரென்று இருந்தால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. உடனே ஆம்ப்பை அணைத்துவிட்டு, பிளக் பாயின்ட்டின் எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகும் பழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து.

செகண்ட் ஹேண்ட்: லாபமும் வலையும்

குறைந்த பணத்தில் ஒரு படி மேலான கருவி வேண்டும் என்றால் பழைய கிட்டார்தான் சிறந்த வழி. ஆசைப்பட்டு வாங்கிக் கைவிட்டவர்களின் கிட்டார்கள் பெரும்பாலும் புதிது போலவே இருக்கும். உடம்பில் கீறல் இருந்தால் கவலையில்லை. அது பேரம் பேச உதவும். நெக் முறிந்து ஒட்டிய தடம், கம்பிக்குக் கீழே பள்ளம் விழுந்த ஃப்ரெட், திருகவே முடியாத ட்ரஸ் ராடு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடலாம்.

‘ஒரிஜினல் கிப்ஸன், அவசர விற்பனை’ என்று நம்ப முடியாத விலைக்கு வருபவற்றில் போலிகள் நிறைய. சீரியல் நம்பரையும் அச்சடித்துவிடுவார்கள் என்பதால் எண் மட்டும் சாட்சியாகாது. பில் கேட்க வேண்டும். நேரில் வாசித்துப் பார்க்காமல் முன்பணம் அனுப்பக் கூடாது.

லோகோ வாசிக்காது

எட்டி வான் ஹேலனின் புகழ்பெற்ற ‘ஃப்ராங்கன்ஸ்ட்ராட்’, ஆலையில் கழித்துப்போட்ட உடம்பை மலிவாக வாங்கி அவரே கோத்துச் செய்தது. குயின் குழுவின் பிரையன் மே, வாங்கக் காசில்லாமல் 1963-ல் அப்பாவுடன் சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம்தான் அதன் நெக். அதே கிட்டாரோடு உலக மேடைகளில் ஏறினார்.

இதைச் சொல்வது, எந்தக் கிட்டாரானாலும் ஓகே என்பதற்காக அல்ல. அவர்கள் இருவரும் பணத்தை மிச்சம் பிடித்தார்கள். சுருதியிலும் வாசிப்புச் சுகத்திலும் சமரசம் செய்துகொள்ளவில்லை. பட்ஜெட் குறைவாக இருக்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டியவை லோகோ, பளபளப்பு, மரத்தின் பெயர். விட்டுக்கொடுக்கக் கூடாதவை சுருதி நிற்பது, நெக் நேராக இருப்பது, கம்பி விரலுக்கு இணங்குவது. இந்த மூன்றும் சரியாக இருந்தால், அதற்குப் பிறகும் வாசிப்பு வராததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு இன்னும் இருபது நிமிடம் பயிற்சி செய்யவில்லை. அதைச் சரிசெய்ய எந்த ஆஃபருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.