சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. டிரையல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை, மணி ஏழரை ஆகிவிட்டது, மேனேஜரும் கிளம்பிவிட்டார் என்றால், இடிக்கிற தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் தள்ளிவிட்டு பஸ் பிடிக்கலாம். பணம் எங்கே போயிற்று என்று தெரியாது. ஆனால் தெரியாததற்கும் ஒரு பெயர், லெட்ஜரில் ஒரு பக்கம்.

இதே வேலையைக் கணிதத்தில் செய்து பெரும் பெயர் வாங்கியவர் டானா ஸ்காட் என்ற அமெரிக்கர். செய்தது 1969ல். இடம், ஆக்ஸ்ஃபோர்ட்.

அங்கே அவருக்குக் கூட்டாளி கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. சுவாரசியமான பேர்வழி. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே கம்ப்யூட்டருக்கு செக்கர்ஸ் ஆடக் கற்றுக்கொடுத்தவர். 1952ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரைக் காதல் கடிதம் எழுத வைத்தார். கீழே கையெழுத்து 'எம்.யு.சி.', அதாவது மான்செஸ்டர் யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர். (ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்தக் கடிதம் அடிக்கிறவர்கள் இந்த முன்னோடிக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு மேலே படிக்கவும்.)

ஸ்ட்ரேச்சிக்கு ஒரு கவலை. புரோகிராம் என்ன செய்யும் என்று மெஷினில் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் அதற்கு 'அர்த்தம்' என்ன? இதற்காக அவர் எடுத்துக்கொண்டது 1930களில் அலன்ஸோ சர்ச் உண்டாக்கிய லாம்டா கால்குலஸ். அதில் ஒரு ஃபங்ஷன் தன்னையே தனக்குத் தின்னக் கொடுக்கலாம். அப்படியென்றால் வீட்டிலுள்ள எல்லா ஃபங்ஷன்களும் அதே வீட்டுக்குள் அடங்க வேண்டும். அடங்காது. ஃபங்ஷன்களின் கூட்டம் எப்போதும் வீட்டைவிடப் பெரியது என்பது கேன்டர் காலத்திலேயே தெரிந்த சங்கதி. பீரோவுக்குள் வீட்டை வைக்கிற கதை.

ஸ்காட்டும் அக்டோபர் 1969ல், "இதற்குக் கணித அர்த்தம் கிடையாது, விட்டுத்தள்ளுங்கள்" என்கிற தோரணையில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த வருஷம் முடிவதற்குள், விட்டுத்தள்ளச் சொன்ன அதே அர்த்தத்தை அவரே கண்டுபிடித்துவிட்டார். பாவம், அந்தக் கட்டுரை கையிலிருந்து கைக்குச் சுற்றி, 1993ல்தான் அச்சேறியது.

சூட்சுமம் இதுதான். எல்லா விடைகளுக்கும் அடியில் ஒரு விடையை வைத்தார்: 'இன்னும் ஒன்றும் தெரியாது'. பெயர் பாட்டம். தலைகீழாக நிற்கும் ஆங்கில டி அதன் குறி. இது பூஜ்யம் அல்ல, 'இல்லை' என்ற பதிலும் அல்ல. புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். அடியிலிருந்து மேலே போகப்போக விவரம் கூடும். ஃபேக்டோரியல் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்த எண்ணுக்கும் விடை தெரியாது. அடுத்த படியில் 0க்கு மட்டும் தெரியும். அப்புறம் 1க்கு, 2க்கு... இப்படி ஏறிக்கொண்டே போனால் எல்லையில் இருப்பது முழு ஃபேக்டோரியல். அடுத்து ஒரு நிபந்தனை போட்டார்: விடையில் கொஞ்சம் தருவதற்கு, கேள்வியிலும் கொஞ்சம் விவரம்தான் தேவைப்பட வேண்டும். இதற்குக் கட்டுப்படாத ஃபங்ஷனுக்கு வாசலிலேயே கும்பிடு. கூட்டம் குறைந்தது. வீடு பீரோவுக்குள் போய்விட்டது!

எல்லாம் சுபம் என்று எழுந்து போக முடியாதபடி, எடின்பரோவில் கோர்டன் ப்ளாட்கின் 1977ல் ஒரு ஓட்டையைக் காட்டினார். அதைச் சொல்வதற்கு நான் ஒரு கியூவில் நின்ற கதைக்கு வர வேண்டும்.

அப்பா போன பிறகு அம்மாவின் குடும்ப பென்ஷனுக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்தோம். கோப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து சீல் வைக்க வேண்டும். இரண்டு கவுண்ட்டர். எதில் வைத்தாலும் செல்லும். நான் முதலாவதில் நின்றேன். உள்ளே இருந்தவர், "இருங்க சார்" என்றார். வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. சுத்தமான பாட்டம். கியூவை விட்டுப் போகவும் பயம், அடுத்த நிமிஷமே கூப்பிட்டுவிட்டால்? அந்த மாசம் வாடகை அந்த சீலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று. அம்மா மெல்ல எழுந்து, "நீ இங்கயே நில்லுடா, நான் அந்தப் பக்கம் நிக்கறேன்" என்று போனாள். பத்து நிமிஷத்தில் சீல் வைத்த காகிதத்தை அங்கிருந்தே ஆட்டிக் காட்டினாள்.

அம்மா செய்ததற்குப் பெயர் 'பேரலல் ஆர்'. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கேள், எதிலாவது ஆமாம் வந்தால் போதும். ஸ்காட்டின் கணிதத்தில் இதற்குத் தாராளமாக இடம் உண்டு. ஆனால் ஒன்று முடிந்து மற்றொன்று என்று போகிற புரோகிராம், என்னை மாதிரி ஒற்றை ஆள். எந்தக் கவுண்ட்டரில் முதலில் நின்றாலும் மாட்டிக்கொள்ளலாம். ப்ளாட்கின் எடுத்துக்கொண்ட பி.சி.எஃப். என்ற குட்டி மொழியில் பேரலல் ஆர் எழுதவே முடியாது. விளைவு? அந்த மொழியில் எப்படிச் சோதித்தாலும் வித்தியாசம் தெரியாத இரண்டு புரோகிராம்களை, ஸ்காட்டின் கணிதம் "வேற வேற" என்கிறது. அம்மாவைக் கூட்டி வந்து சோதித்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும். அம்மாதான் ஊரிலேயே இல்லையே!

அம்மாவை எப்படி வெளியே அனுப்புவது? பிரான்ஸில் ழெரார் பெரி வேறு விதி போட்டுப் பார்த்தார். அம்மா போனாள், ஆனால் பின்வாசல் வழியாக குஸ்தாவ் ஃபங்ஷன் என்ற வேறொரு உறவினர் உள்ளே இருந்தார். 1990களில்தான் விடை கிடைத்தது. ஆப்ராம்ஸ்கி, ஜகதீசன், மலகாரியா ஒரு கோஷ்டி; ஹைலண்டும் ஆங்கும் இன்னொரு கோஷ்டி. இரண்டு கட்டுரையும் 2000ல் ஒரே பத்திரிகையின் ஒரே இதழில் வந்தன. அவர்கள் புரோகிராமை ஓர் உரையாடலாகப் பார்த்தார்கள். "விடை என்ன?" "முதல் எண் என்ன?" "3." கடைசியாகக் கேட்ட கேள்விக்குத்தான் முதலில் பதில் வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். இரண்டு கவுண்ட்டரில் சேர்ந்து நிற்க அங்கே வழியே கிடையாது.

அத்தோடு முடிந்ததா என்றால், 2001ல் வெளியான ரால்ஃப் லோடரின் கட்டுரை ஒரு குண்டு போட்டது. அந்த மொழியை ஆமாம்-இல்லை என்ற இரண்டு மதிப்பு மட்டும் உள்ளதாகச் சுருக்கினாலும், இரண்டு புரோகிராம் ஒன்றுதானா என்று எப்போதும் சரியாகச் சொல்லக்கூடிய இயந்திர வழி எதுவும் கிடையாதாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா எட்டிப் பார்த்தாள். சுருக்கமாகச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அது சரி, உன் கவுண்ட்டர்காரன் அப்புறம் பதில் சொன்னானா இல்லையா?" என்றாள்.

"இன்னும் தெரியலைம்மா."

"சொல்லவே மாட்டானோ?"

"அதையும் சொல்ல முடியாது."

"நல்ல படிப்புடா" என்று காபி ஆற்றப் போய்விட்டாள்.