எஃப்.பி.சி. துண்டு சாதகக் குறிப்பு இல்லை

எங்கட வீடுகளில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை வாசிக்கிற வேலை கம்பஸ் போற பிள்ளையின்ர தலையிலதான் விழும். "இங்கிலீஷில கிடக்கு, நீ ஒருக்காப் பார்" எண்டு தருவினம். டெங்கு புண்ணியத்தில் எஃப்.பி.சி. துண்டில் பிளேட்லெட் எங்கே இருக்கிறது எண்டு எல்லாருக்கும் தெரியும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். அது வந்த வீட்டில் அதே துண்டின் மற்ற வரிகளையும் கூகுளில் போட்டுத் தேடுகிறோம். பிறகு நித்திரை இல்லை.

தேடினால் முதலில் வருவது ஒரு வகுத்தல் கணக்கு. நியூட்ரோபில் 6000, லிம்போசைட் 2000 எண்டால் விடை 3. தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ளவர்களில் இந்த எண் கூடியவர்கள் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் எண்டு பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பில் அழற்சி கூடினால் நியூட்ரோபில் ஏறும். கட்டியை எதிர்க்கிற வேலையில் லிம்போசைட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே இது வெறும் எண்சோதிடம் இல்லை. ஆனால் "கூட" எண்டு சொல்லும் எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஒன்றில் 2, இன்னொன்றில் 5. சூத்தைப் பல்லில் கிருமி தொற்றினாலும், ஸ்டீரொயிட் குளிசை போட்டாலும் நியூட்ரோபில் ஏறும். அப்ப அம்மப்பாவின்ர துண்டில வந்த 4.2 எதைச் சொல்லுது? நோயின் நிலை, கட்டி இருக்கிற இடம், உடம்பின் பலம் எல்லாம் பார்க்கிற வைத்தியருக்கு அது ஒரு துணைக்குறிப்பு. எங்களுக்கு அது நாள் குறிச்சுத் தராது.

இன்னொரு வரி ஹீமோகுளோபின். அது குறைந்தவர்களுக்குக் கதிர்ச் சிகிச்சையின் பலனும் குறைவாக இருப்பது தெரிந்த விசயம். அப்படியெண்டால் ஏற்றிவிட்டால் சரிதானே? வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கதிர்ச் சிகிச்சை பெற்ற, இரத்தச்சோகையுள்ள 351 தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களில் ஒரு பகுதியினருக்கு, சிவப்பணுவைக் கூட்டும் எரித்ரோபொயட்டின் ஊசி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2003இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. ஹீமோகுளோபின் வடிவா ஏறியிருந்தது. ஆனால் நோய் திரும்ப வளர்ந்ததும், சாவும், ஊசி போட்டவர்களில்தான் கூட! எண்ணைத் திருத்தினால் ஆள் சுகமாகிவிடுவார் எண்டு நம்புகிற எல்லாரும் இந்த ஆய்வை ஒருக்கா யோசிக்க வேணும். (பீற்றூட் ஜூஸோடு வாற மாமிமாரை நான் குறை சொல்லேல்லை.)

எனக்கு இதைவிடக் கோபம் வாற இடம் குசினி. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அங்கே நாங்கள் ரகசியமாகக் கதைக்கிறோம். அது யாருடைய இரத்தமோ அந்த மனுசன் விறாந்தையில் ஒண்டும் தெரியாமல் இருக்கிறார். அவருக்கு எவ்வளவு தெரிய வேணும் எண்டு அவரிட்ட ஆராவது கேட்டதா? அடுத்த கிளினிக்குக்கு அவரோடு போறவர் எண்ணை விட்டுவிட்டு வைத்தியரிடம் கேட்கக்கூடியவை நிறைய இருக்கு: நிறை ஏன் குறையுது, விழுங்க ஏலாவிட்டால் என்ன குடுக்கலாம், நோவுக்கு மருந்து காணுமா. அந்த நேரம் அம்மப்பாவும் பக்கத்தில இருக்கட்டும். அவருக்கும் கேட்க ஏதும் இருக்கும்.